பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, ஒரே லாரி

2022-ம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் கேதார்நாத்துக்கு மலையேறியவர்கள், வழிக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினால் விலைக்கு மேல் பத்து ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பாட்டிலில் க்யூ.ஆர். குறியீடு அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கைக்கு வந்துவிடும். ருத்ரப்பிரயாக் மாவட்ட நிர்வாகமும் ஹைதராபாதைச் சேர்ந்த ரீசைக்கல் நிறுவனமும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. சோடா பாட்டில் திரும்பி வரும்வரை முன்பணத்தைக் கல்லாவில் வைத்திருந்த நம்மூர்ப் பெட்டிக்கடைக்காரரின் பழைய யோசனைதான். கம்ப்யூட்டர் மட்டும் புதிது.

யோசனை பலித்தது. பத்து ரூபாயைப் பெரிதாக நினைக்காத பயணி பாட்டிலை வீசியெறிந்தாலும், அதைக் குனிந்து எடுக்கக் கோவேறு கழுதை ஓட்டுபவரோ, முதுகில் கூடை கட்டி ஆள் சுமப்பவரோ தயாராக இருப்பார். யாருடைய நல்ல மனசையும் இந்த ஏற்பாடு நம்பியிருக்கவில்லை என்பதே அதன் பலம். பிறகு சார்தாமின் மற்ற தலங்களுக்கும் இது பரவியது.

அதே கேதார்நாத்தில், 2022 முதல் 2024 வரை 49 டன்னுக்கும் அதிகமான குப்பை எந்தப் பக்குவமும் செய்யப்படாமல் கோவிலுக்கு அருகே இரண்டு இடங்களில் கொட்டப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு அங்குள்ள நகரப் பஞ்சாயத்தே கொடுத்த கணக்கு இது. மலைமேல் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், கழிவைக் கீழே 25 கிலோமீட்டருக்குள் சமவெளியில் இடம் பார்த்துக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் நடைபாதையின் முடிவில், 3,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், 2023-ல் மட்டும் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்துபோன ஊருக்குச் சமவெளி எங்கே இருக்கிறது?

பாட்டிலுக்குப் பத்து ரூபாய் உண்டு. மீந்துபோன பூரிக்கும் உருளைக்கிழங்கு மசாலாவுக்கும் யார் பத்து ரூபாய் தருவார்கள்? சுற்றுலாத் தலங்களில் குப்பை என்றாலே பேச்சு முழுக்க பிளாஸ்டிக்கைச் சுற்றியே போகிறது. தடை, அபராதம், பறிமுதல், மஞ்சப்பை எல்லாம் அதற்காகத்தான். பிளாஸ்டிக்கைக் கெடுப்பதே அதோடு கலக்கும் ஈரம்தான் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

உலர்ந்த குப்பைக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு. தண்ணீர் பாட்டில், அட்டைப்பெட்டி, அலுமினிய டின் இவற்றை எடைக்கு வாங்கும் கடை இல்லாத ஊர் இந்தியாவில் அபூர்வம். ஆனால் அட்டைப்பெட்டிமேல் ஒரு கரண்டி சாம்பார் சிந்திவிட்டால் காகித ஆலைக்கு அது வேண்டாம். எடைக்கடைக்காரர் தொடாத சிப்ஸ் பாக்கெட்டைக்கூட சிமெண்ட் ஆலைகள் சூளைக்கு எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும். நனைந்து, மண்ணோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடும். மறுபக்கம், சோறும் பழத்தோலும் வாழையிலையும் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகக் கூடியவை. அவற்றில் பாட்டில் மூடியும் கண்ணாடித் துண்டும் கலந்திருந்தால் எந்த விவசாயியும் அந்த எருவை வயலில் இறைக்கமாட்டார். ஆக, சேர்ந்துவிட்டால் இரண்டும் வீண். அப்புறம் அவற்றுக்குப் போக்கிடம் கிடங்கு ஒன்றுதான். அங்கே காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் ஈரக் குப்பை அழுகி மீத்தேன் வாயுவை விடுகிறது. கோடையில் கிடங்குகள் தீப்பிடித்து எரிய அது ஒரு முக்கியக் காரணம். 2023 மார்ச்சில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் கிடங்கு பற்றிக்கொண்டு பல நாட்கள் ஊரையே புகையில் ஆழ்த்தியது நினைவிருக்கலாம்.

மனிதர் பிரிக்காமல் விட்டதைப் பிரிக்க வேறு சிலர் வருகிறார்கள். மாடு வருகிறது, குரங்கு வருகிறது, காட்டோரமாக இருந்தால் மானும் பன்றியும் யானையும் வருகின்றன. அவை வாயால் பிரிக்கின்றன. உணவின் வாசனையும் உப்பும் ஒட்டிய பையைத் தனியாக எடுத்து வைக்க யானைக்குத் தெரியாது. பையோடு விழுங்கும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை எழ முடியாமல் விழுந்து கிடந்தது. வனத்துறை மருத்துவர்கள் சில நாட்கள் போராடியும் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் கருவும் இருந்தது, பிளாஸ்டிக் கழிவும் இருந்தது. வனத்தை ஒட்டிய சோமையம்பாளையம் குப்பைக் கிடங்கில் யானைகள் மேய்வதைப் பற்றி அதற்கு வெகுநாள் முன்பிருந்தே ஊரார் புகார் சொல்லிவந்தார்கள். முருகன் கோவிலுக்குப் படியேறிப் போனவர்கள் யாரும் யானைக்கு பிளாஸ்டிக் ஊட்டவில்லை. சுற்றுவட்டாரத்தின் வீடும் கடையும் சாப்பாட்டு மிச்சத்தைப் பையோடு சேர்த்துக் கட்டிப் போட்டன, அவ்வளவுதான்.

உத்தரகாண்டில் ஹரித்துவார், லேன்ஸ்டவுன் வனப்பகுதிகளில் யானைச் சாணத்தைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் பிளாஸ்டிக் முதலான மனிதக் கழிவைக் கண்டார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வு, யானைகள் இவற்றைக் காட்டுக்குள்ளும் சுமந்துபோய்ப் போடுகின்றன என்றும் காட்டியது. ஹரித்துவாரில் ஒருவர் கட்டிப்போடும் பொட்டலம் யாத்ரீகர் யாரும் காலே வைக்காத காட்டுக்குள் போய்ச் சேருகிறது.

சரி, தொட்டிகள்தான் வைத்திருக்கிறார்களே? வைத்திருக்கிறார்கள். பூங்கா, அருங்காட்சியகம், கோட்டை, கடற்கரை, மிருகக்காட்சிசாலை என்று எங்கே போனாலும் கம்பத்தில் தொங்கும் பச்சையும் நீலமும் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவற்றை எட்டிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே சரக்கு இருக்கும். பாதி குடித்த ஜூஸ் பாட்டில், எலுமிச்சை சாதம் ஒட்டிய அலுமினியத் தாள், சோளக் கதிரின் தண்டு, டீ கப், ஐஸ்கிரீம் குச்சி, குழந்தையின் டயப்பர். இதைப் பார்த்தவுடன் 'நம் ஜனங்களுக்குப் பொதுப்புத்தி கிடையாது, சிங்கப்பூரில் பாருங்கள்' என்று ஆரம்பிப்பது சுலபம். பத்திரிகைகளில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர்கள் பல வருஷமாக அதைத்தான் எழுதுகிறார்கள்.

பயணியின் இடத்தில் நின்று பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் முக்கால் காலியான பேல்பூரித் தட்டு. தட்டு காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, மேலே சட்னி, குத்திய மரக்கரண்டி. இது எந்தத் தொட்டி? தமிழ்நாட்டுத் தொட்டிகளில் எழுதியிருப்பது மக்கும் குப்பை, மக்காத குப்பை. தில்லியில் கீலா, சூகா. அதாவது ஈரம், உலர்வு. இரண்டும் ஒன்றல்ல. காய்ந்த சருகு உலர்ந்தது, ஆனால் மக்கும். பாதி தண்ணீரோடு எறிந்த பாட்டில் ஈரமானது, ஆனால் மக்காது. காகிதம் மக்கக் கூடியது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அதிகாரிகளோ அதை உலர் தொட்டியில் போடச் சொல்கிறார்கள், மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்பதால். தமிழ்ச் சொற்களே விஷயத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கின்றன என்று பெருமைப்படலாம். டீ கப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தப் பெருமையால் பயனில்லை.

நிறமும் அவ்வப்போது மாறியது. 2000-ம் ஆண்டு நகரக் குப்பை விதிகளின்படி மக்குவதற்குப் பச்சை, மறுசுழற்சிக்கு வெள்ளை, மற்றவற்றுக்குக் கறுப்பு. 2017-ல் பச்சையில் ஈரம், நீலத்தில் உலர்வு என்று இந்தியில் எதுகையோடு பிரசாரம் நடந்தது. ஊர் ஊராகப் பச்சை, நீலத் தொட்டிகள் வாங்கிக் குவிக்கப்பட்டன. நிறத்தையும் எழுத்தையும்விட ஓட்டையே நன்றாக வேலை செய்யும் என்பது தொட்டி செய்கிறவர்களுக்குத் தெரியும். பாட்டில் மட்டும் நுழையும் வட்ட ஓட்டை வைத்த மூடியில் பேல்பூரித் தட்டைத் திணிப்பது கஷ்டம். ஆனால் டெண்டரில் கேட்பது நிறத்தையும் கொள்ளளவையும்தான்.

வீட்டிலும் தெருவிலும் பிரிக்கப் பழக்குவதற்கும் சுற்றுலாத் தலத்தில் பழக்குவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டு வாசலுக்கு ஒரே துப்புரவுப் பணியாளர் தினம் வருகிறார். பிரிக்காமல் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். நாலாவது நாள் வீட்டுக்காரர் வழிக்கு வருகிறார். பெங்களூரில் 2012-ல் மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட்டுத் தெருவெல்லாம் நாறியபோது, உயர்நீதிமன்றத்தின் கட்டளையோடு பழக்கம் மாறத் தொடங்கியது இப்படித்தான். சுற்றுலாத் தலத்தில் இந்த நாலாவது நாள் கிடையாது. ஒவ்வொரு நாளும் முதல் நாள். நேற்றைக்குக் கற்றுக்கொண்ட கூட்டம் இன்றைக்குச் சொந்த ஊரில் இருக்கிறது. இன்றைக்கு வந்திறங்கும் ஐம்பது பஸ் கூட்டத்துக்கு மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அங்கே தினமும் இருப்பவர்கள் இருவர். கடைக்காரர் ஒருவர், துடைப்பத்தோடு நிற்பவர் ஒருவர். எந்தத் தலத்திலாவது பிரித்தல் உருப்படியாக நடக்கிறது என்றால், விசாரித்தால் தெரியவரும்: பயணியைத் திருத்தியல்ல, இந்த இருவரில் ஒருவரைப் பிடித்தே சாதித்திருப்பார்கள்.

இந்தூர் நல்ல உதாரணம். 2017 முதல் தொடர்ந்து நாட்டின் தூய்மையான நகரம் என்று பரிசு வாங்கிய ஊர் என்பதால் அதன் பெயரைக் கேட்டாலே சிலருக்கு அலுப்புத் தட்டும். பரிசு கிடக்கட்டும். அங்கே ஊர் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் போகும் இடங்கள் இரண்டு, இரண்டுமே சாப்பாட்டுக் கடைவீதிகள். ஒன்று சப்பன் துக்கான், அதாவது ஐம்பத்தாறு கடை. மற்றது, பகலில் நகைக்கடை வீதியாகவும் இரவில் தின்பண்ட வீதியாகவும் இருக்கும் சராஃபா. சாப்பிட வந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரியாது. கடைகள் எத்தனை, யாருடையவை என்பது மாநகராட்சிக்குத் தெரியும். எதில் வைத்துப் பரிமாறுகிறார் என்பதைக் கடைக்காரரிடம் கேட்கலாம், பிரிக்காமல் கொடுத்தால் அபராதம் போடலாம், மறுநாளும் போய்ப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம், பிரித்த ஈரக் குப்பைக்கு இந்தூரில் ஒரு போக்கிடம் இருக்கிறது. தேவ்குராடியாவில் பழைய கிடங்கிலிருந்த குப்பை மலையை அகற்றிவிட்டு, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் ஆலையை அமைத்தார்கள். 2022 பிப்ரவரியில் பிரதமர் அதைத் திறந்துவைத்தார். 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் எருவும் அதன் அன்றாட இலக்கு. இப்படியொரு ஆலை பிளாஸ்டிக் கலந்த குப்பையை விழுங்காது. ஜீரணமாகாமல் நின்றுவிடும். ஆலைக்கு மனிதர்மேல் நம்பிக்கையோ இரக்கமோ கிடையாதாகையால், லாரி ஓட்டுநர் முதல் ஐம்பத்தாறு கடைக்காரர் வரை எல்லோரும் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டியிருக்கிறது.

எல்லா ஊரும் இந்தூர் ஆக முடியாது. ஒரு நீர்வீழ்ச்சிக்கோ மலைக்கோட்டைக்கோ 550 டன் ஆலை எதற்கு? கேரளத்தில் இதற்கு விடை கண்டுபிடித்த இடமே ஒரு சுற்றுலாத் தலத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி அருவிக்குப் போகும் வழியில், ஆற்றோரமாக தும்பூர்முழி என்றொரு ஊர். தடுப்பணையும் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் பார்க்கப் பயணிகள் இறங்குவார்கள். அங்கேயே கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணை இருக்கிறது. அந்தப் பண்ணையில் உருவானதுதான் தும்பூர்முழி முறை. நான்கு அடிக்கு நான்கு அடி, உயரமும் அவ்வளவே. பக்கச் சுவர்களில் காற்று புக இடைவெளி விட்ட ஒரு பெட்டி. அடியில் பச்சைச் சாணம், அதன்மேல் சருகு, அதன்மேல் ஈரக் குப்பை. மறுபடி சாணம், சருகு, குப்பை என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் உள்ளே சூடு 60, 70 டிகிரி வரை ஏறும். நோய்க்கிருமி செத்துவிடும். துர்நாற்றம் இல்லை, சாறு ஒழுகுவதில்லை. சுமார் 90 நாளில் எரு. இதில் மின்சாரம், மோட்டார், அந்நியத் தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. திறப்புவிழா நடத்தும்படியான பிரம்மாண்டமும் இல்லை. பல ஊர்கள் இதைக் கண்டுகொள்ளாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

இந்த முறையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட ஊர் ஆலப்புழை. படகு வீடுகளுக்குப் பேர்போன ஆலப்புழையின் குப்பை பல ஆண்டுகள் பக்கத்து சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. நாற்றமும் நோயும் பொறுக்காமல் 2012-ல் அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். ஆலப்புழையின் தெருக்களிலும் கால்வாய்களிலும் குப்பை குவிந்தது. கால்வாயைக் காட்டிப் பிழைக்கும் ஊருக்கு இதைவிடப் பெரிய அபாயம் என்ன இருக்கிறது? அதே ஆண்டு நவம்பரில், அப்போது தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்த டாக்டர் தாமஸ் ஐசக் முன்னின்று 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' திட்டம் தொடங்கியது. குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோவதை நிறுத்திவிட்டு, வீடுகளில் சாண எரிவாயு போன்ற சிறு கலன்களும் குழாய் உரமும், பொது இடங்களில் தும்பூர்முழிப் பெட்டிகளும் வைத்தார்கள். குப்பை மேடாக இருந்த முனைகளில் பெட்டிகளை வைத்து, சுவரில் சித்திரம் வரைந்து, ஒரு ஆளையும் உட்கார வைத்தார்கள். கொண்டுவருவது பிரித்ததாக இருந்தால்தான் அவர் வாங்குவார். 2017-ல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைச் சரியாகக் கையாளும் நகரங்களாக எடுத்துக்காட்டிய ஐந்து ஊர்களில், ஜப்பானின் ஒசாகாவோடு ஆலப்புழையும் ஒன்று.

அந்த உட்கார்ந்திருக்கும் ஆள்தான் இந்தக் கதையில் எப்போதும் விடுபட்டுப்போகிறவர். தொட்டிக்குப் பணம் ஒதுக்குவார்கள், பேட்டரி வண்டிக்கு ஒதுக்குவார்கள், பெயர்ப்பலகைக்கு ஒதுக்குவார்கள். தொட்டி அருகே நிற்கும் ஆளுக்குச் சம்பளம் என்றால் நிதி இல்லை. விளைவு, பயணி பிரிக்காததைப் பூங்கா மூடியபின் ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் பெண்கள் தரையில் கொட்டிப் பிரிக்கிறார்கள். டயப்பரும் உடைந்த கண்ணாடியும் புளித்த சோறும் ஒரே குவியலில் இருக்கும். கையுறை பல இடங்களில் பெயருக்குத்தான். அவர்களும் பிரிப்பது விலைபோகிற பாட்டிலையும் டின்னையும் மட்டுமே. அதில் வரும் சில ரூபாய் அவர்களுக்குச் சொந்தம் என்பதால். மிச்சத்தை மறுபடி ஒன்றாக அள்ளிப் போட்டால் லாரி வந்து எடுத்துப்போகும்.

லாரியின் கதை தனி. இந்தியாவின் பல நகரங்களில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு எடைக்கணக்கில் கூலி. டன்னுக்கு இவ்வளவு. குப்பையில் கனமானது எது? ஈரம். அந்த இடத்திலேயே எருவாக்கிவிட்டால் லாரியின் எடை குறையும், பில் தொகையும் குறையும். பிரித்து ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு வண்டி, இரண்டு நடை. இப்படி ஒரு ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டு, பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் ஒரே லாரியில் கவிழ்க்கப்படுகிறதே என்று ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அதைக் கண்ணால் பார்த்த பயணி, அடுத்த முறை மெனக்கெட்டுப் பிரிப்பதற்கும் வாய்ப்பில்லை.

இன்னொரு சிக்கல், இடம் யாருடையது என்பது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னங்கள் 3,600-க்கும் மேல் தொல்பொருள் ஆய்வுத்துறையின் கையில் இருக்கின்றன. மதில் சுவருக்கு உள்ளே அவர்கள் ராஜ்யம், வெளியே நகராட்சி, வாகனம் நிறுத்துமிடம் குத்தகைக்காரருக்கு, ஏரி பொதுப்பணித்துறைக்கு, குன்று வனத்துறைக்கு. உள்ளே தின்பண்டம் கூடாது என்று தடை போட்டுச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒரு துறையின் சாதனை. வாசலில் அத்தனையும் சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே நுழைகிறார்கள்; குப்பை நூறு அடி தள்ளி நகராட்சிக் கணக்கில் விழுகிறது. தாஜ்மகாலில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு டிக்கெட்டோடு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் காலணிமேல் மாட்டிக்கொள்ள உறையும் கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. மரியாதைக்காகச் செய்ததுதான். ஒரு மணி நேரத்தில் இரண்டுமே குப்பை.

வாசலை ஆள்பவர் இளநீர்க்காரர். இளநீர் ஆரோக்கியமானது, பிளாஸ்டிக் இல்லாதது, விற்பவர் ஏழை. அதனால் அதைப் பற்றிக் குறைசொல்ல எல்லோருக்கும் தயக்கம். ஆனால் குடித்து முடித்த கூடு மக்கக் கூடியதாக இருந்தும் லேசில் மக்காது. எடை அதிகம், இடத்தை அடைக்கும், மழை பெய்தால் கொசு வளர்க்கும். எருப் பெட்டியில் அப்படியே போட முடியாது, நறுக்கிப் போட வேண்டும். தென்னிந்தியக் கடற்கரைகளில் ஈரக் குப்பைத் திட்டம் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். 2016 விதிகளை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள் போலும். தெருவோர வியாபாரி தன் கடைக்குத் தானே தொட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன இடத்தில் தேங்காய் மட்டையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். தள்ளுவண்டிக்காரர் அந்த மட்டை மலையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? நறுக்கும் இயந்திரத்தை ஊராட்சி வாசலருகே வைத்தால் அவர் கொண்டுவந்து போடுவார். வைக்காவிட்டால் ஓடையில்தான் போடுவார்.

தடைகளால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சிக்கிமின் லாச்சென் கிராமத்தார் 2012-ல் தண்ணீர் பாட்டிலே ஊருக்குள் வரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். மாநிலம் முழுவதற்கும் அது 2022 ஜனவரி முதல் சட்டமானது. நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று கவலைப்பட்ட சென்னை உயர்நீதிமன்றம் வற்புறுத்தியதால். இவையெல்லாம் உலர் குப்பையின் அளவைக் குறைத்தன. குறைந்தபின் மீதியாக இருப்பது பெரும்பாலும் ஈரம். அதை அங்கேயே முடிக்க ஒரு ஏற்பாடு இல்லையென்றால் பாட்டில் இல்லாத குப்பை மேடு கிடைக்கும், அவ்வளவே.

கோவில்களில் இந்தக் கணக்கு இன்னும் குழப்பமானது, பயணி கொண்டுவந்து போடுவது அவர் கண்ணில் குப்பையே அல்ல என்பதால். சபரிமலைக்கு இருமுடி கட்டிப் போகிறவர்களில் தமிழர்கள் லட்சக்கணக்கில் உண்டு. இருமுடிக்குள் அவலும் அரிசியும் தேங்காயும் மட்டுமிருந்தால் எல்லாம் மக்கும். பன்னீர், கற்பூரம், மஞ்சள், ஊதுபத்தி எல்லாம் பூஜைக் கடையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டாக வாங்கிக் கட்டப்படுவதால் சன்னிதானத்தில் பிரிக்கும்போது ஒவ்வொரு முடியிலிருந்தும் ஒரு கைப்பிடி உலர் குப்பை விழுகிறது. உடுத்தி வந்த துணியைப் பம்பையில் விட்டுவிட வேண்டும் என்ற, எந்த சாஸ்திரத்திலும் இல்லாத பழக்கம் வேறு. துணி எந்தத் தொட்டி? கேரளப் போலீஸ் அதிகாரி பி. விஜயன் 2011-ல் தொடங்கிய 'புண்ணியம் பூங்காவனம்' இயக்கம் போலீஸ்காரர்களையும் பக்தர்களையும் சேர்த்து அள்ள வைத்தது. ஆனால் பிரிக்க வேண்டிய இடம் பம்பைக்கரை அல்ல. சேலத்திலும் மதுரையிலும் முடி கட்டும் குருசாமியின் வீட்டுத் திண்ணை. பன்னீர் பாக்கெட் அங்கேயே தங்கிவிட்டால் மலையில் அதற்குத் தொட்டி தேவைப்படாது.

2016 விதிகளின் இடத்தை 2026-ல் புதிய திடக்கழிவு விதிகள் பிடித்தன. ஏப்ரல் 1 முதல் அவை அமலுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. இனி இரண்டல்ல, நான்கு பிரிவு. ஈரம், உலர்வு, இவற்றோடு டயப்பர், நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பிறகு பல்பு, மருந்து, பெயிண்ட் டப்பா போன்று தனிக் கவனம் வேண்டியவை. நாளொன்றுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் குப்பை போடும் நிறுவனங்கள் தங்கள் கழிவுக்குத் தாங்களே பொறுப்பு. கூட்டம் சேரும் பூங்காவோ கோவிலோ நூறு கிலோவைக் காலைச் சிற்றுண்டி நேரத்திலேயே தாண்டிவிடும். பயணியின் கையில் பல்பும் பெயிண்டும் இருக்கப்போவதில்லை. டயப்பர் கட்டாயம் இருக்கும். அதைப் போட மூடியுள்ள ஒரு தொட்டி பெண்கள் கழிப்பறைக்குள்ளும் குழந்தைக்குத் துணி மாற்றும் இடத்திலும் வேண்டும்; வாசலில் கம்பத்தில் தொங்கவிட்டுப் பயனில்லை. அதற்கு முதலில் அந்த இடத்தில் தண்ணீர் வரும், கதவு சாத்தும், பூட்டாத கழிப்பறை ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத தலங்களில் டயப்பர் இன்றைக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒரே பையில் கட்டப்பட்டு, கைக்கு எட்டிய முதல் தொட்டியில், அது பச்சையோ நீலமோ, விழுந்துகொண்டிருக்கிறது.